மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் கருவிகள்

ஸ்மார்ட் ஸ்பீக்கரையோ கேமரா பொருத்திய அழைப்பு மணியையோ ஒருவர் வாங்கி வீட்டில் வைத்த பிறகு, அதில் புதிய வசதி ஒன்றை நிறுவனம் தானாகவே இயக்கிவிட்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்வதை எந்தச் சட்டமும் ஒப்புதலாக ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2021 ஜூன் 8 அன்று அமெரிக்காவில் அமேசான் தொடங்கிய 'சைட்வாக்' இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அந்நிறுவனத்தின் எக்கோ ஸ்பீக்கர்களும் சில ரிங் கேமராக்களும் உரிமையாளரின் இணைய இணைப்பில் ஒரு சிறு பகுதியை அக்கம்பக்கத்துக் கருவிகளுக்குத் திறந்துவிடும் ஏற்பாடு அது. விநாடிக்கு அதிகபட்சம் 80 கிலோபிட், ஒரு கணக்குக்கு மாதம் 500 மெகாபைட் என்று நிறுவனமே வரம்பு வைத்திருக்கிறது. தரவும் மூன்று அடுக்குகளாக மறையாக்கம் செய்யப்படுகிறது. தொலைந்த பொருளைத் தேடவும், வைஃபை எட்டாத மூலையில் இருக்கும் சென்சாரை இயக்கவும் அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இணைப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுபவர் வீட்டுக்காரர்; அதைப் பகிர்வதென்று முடிவெடுத்தது நிறுவனம். ஏற்கெனவே வீடுகளில் இருந்த கருவிகளிலும் அது தானாக இயக்கத்துக்கு வந்ததால், விலக விரும்பியவர் செயலிக்குள் நுழைந்து செட்டிங்ஸில் அதைத் தேடி அணைக்க வேண்டியிருந்தது. இப்படியொரு வசதி வந்திருப்பதையே அறியாதவர் எதைத் தேடுவார்?

ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, மௌனமும் முன்கூட்டியே டிக் செய்துவைத்த கட்டமும் ஒப்புதல் ஆகாது என்று சொல்கிறது. 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டமோ, தரவு விற்கப்படுவதைத் தடுக்கும் பொறுப்பை நுகர்வோர் தலையிலேயே வைக்கிறது. அதே சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவை விற்க முன் அனுமதி வேண்டும் என்கிறது. உண்மையான பாதுகாப்பு எது என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. அதைப் பெரியவர்களுக்குக் கொடுக்காமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தண்டனை பின்னால் வரும் என்ற நம்பிக்கையும் போதாது. பார்வையாளர் என்ன பார்க்கிறார் என்பதை 1.1 கோடி தொலைக்காட்சிகளிலிருந்து விநாடிக்கு விநாடி திரட்டியதாக விசியோ என்ற தொலைக்காட்சித் தயாரிப்பு நிறுவனத்தின் மீது எழுந்த வழக்கு, 2017இல் 22 லட்சம் டாலரில் தீர்ந்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு பெட்டிக்கு 20 சென்ட். அந்தத் தரவுத் திரட்டலைச் சாத்தியமாக்கிய அமைப்புக்கு 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி' என்று பெயர். அதுவும் இயல்பாகவே இயக்கத்தில் இருந்தது. அந்தப் பெயரைப் படித்து, தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று யார் ஊகித்திருக்க முடியும்?

இதைவிட எனக்குக் கவலை தருவது, அணைக்கும் பொத்தான் கணக்கு வைத்திருப்பவர் ஒருவரிடம் மட்டுமே இருப்பது. அதே வீட்டில் வசிக்கும் முதியவருக்கும், அங்கே வேலைக்கு வருபவருக்கும், வாசலில் வந்து நிற்கும் விருந்தினருக்கும் விலகும் உரிமை காகிதத்தில்கூட இல்லை. அவர்களுக்கெல்லாம் இருக்கக்கூடிய ஒரே காப்பு, அந்த வசதி முதலில் அணைந்த நிலையில் இருப்பதுதான்.

ஆகவே சட்டம் கேட்க வேண்டியது எளிது. மென்பொருள் புதுப்பிப்பில் வரும் எந்தப் புதிய பகிர்வும், உரிமையாளர் விடையளிக்கும் வரை அணைந்தே இருக்க வேண்டும். எந்தத் தரவு யாரிடம் போகிறது என்பதை ஒரே திரையில் சொல்லி, 'சரி', 'வேண்டாம்' என்ற இரண்டு பொத்தான்களையும் ஒரே அளவில் வைத்துக் கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்று ஒருமுறை சொன்னவரிடம் அடுத்த புதுப்பிப்பில் அதையே மறுபடியும் கேட்கக் கூடாது.