தேய்ந்த காசுக்குக் கடைசிக் கைதான் பொறுப்பா?

நேற்று பணம் கட்டும் இடத்தில் நான் நீட்டிய நாணயத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "தேய்ந்துபோய்விட்டது, வேறு கொடுங்கள்" என்று திருப்பித் தந்துவிட்டார்கள். இது முதல் முறையல்ல. பின்னால் வரிசை நிற்க, கள்ளக்காசோடு பிடிபட்டவனைப் போல நான் நிற்க வேண்டியிருந்தது.

அரம் வைத்தா தேய்த்தேன் நான்? அந்தக் காசு என் பையில் இருந்தது இரண்டே நாள்! அதற்கு முன் எத்தனை பைகளில் சாவிக்கொத்தோடு உரசியதோ, எத்தனை கல்லாக்களில் விசிறப்பட்டதோ. மற்றக் காசுகளோடு ஒரே பையில் குலுங்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத துகள் உதிர்கிறது. விரல் வியர்வையில் உப்பும் அமிலமும் இருக்கின்றன. அவை செம்பு கலந்த மேற்பரப்பைக் கறுக்க வைக்கின்றன. அந்தப் படலத்தை அடுத்த உரசல் வழித்தெடுக்கிறது. உள்ளிருந்த உலோகம் வெளியே வந்து மறுபடியும் கறுக்கிறது. மேடாக இருப்பதுதான் முதலில் போகும்: உருவத்தின் கன்னம், தலைமுடி. அதைக் காக்கத்தான் விளிம்பைச் சற்று உயர்த்தி அடிக்கிறார்கள். காலப்போக்கில் அந்த விளிம்பும் கரைகிறது. செம்பு 75, நிக்கல் 25 விழுக்காடு சேர்ந்த உறுதியான கலவையும் இதற்குத் தப்புவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியா என்ன? எந்தக் கலவை குறைவாகத் தேயும் என்று விஞ்ஞானி ஹென்றி கேவென்டிஷின் துணையோடு தங்கத்தை உரசி உரசிப் பார்த்து, ஆங்கில வேதியியலாளர் சார்லஸ் ஹாட்செட் 1803இல் கட்டுரையே வெளியிட்டார். காசு தேயும் என்பது அடிப்பவர்களுக்குத் தெரியும். கை மாறுவதற்காகவே அடித்த பொருள் கை மாறித் தேய்ந்தால், பழி மட்டும் எப்படிக் கடைசிக் கையில் விழுகிறது?

பிரிட்டனின் 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இந்த அநியாயத்தை எழுதியே வைத்திருந்தது. புதிதில் 7.99 கிராம் இருந்த சாவரின் தங்க நாணயம் 7.94 கிராமுக்குக் கீழே போனால், வாங்குபவர் அதை வெட்டிச் சிதைக்க வேண்டும். நஷ்டம் நீட்டியவர் தலையில். வெறும் 0.05 கிராம்! எத்தனையோ பேர் சேர்ந்து தேய்த்ததற்கு ஒருவர் தண்டம் கட்டினார். 1891இல்தான், முறைகேடில்லாமல் தேய்ந்த தங்க நாணயங்களை முழு மதிப்புக்கே மாற்றித் தர அரசு முன்வந்தது.

எண் தெளிவாகத் தெரிகிற காசை இன்றும் மறுக்கிறார்களே, எந்த நியாயத்தில்? அது என் பையில்தான் இருக்கிறது. நாளை அதே இடத்தில் அதையேதான் நீட்டப்போகிறேன்.