ரெசில்மேனியா 41: பதினேழாவது பெல்ட்டும் குறுக்கே வந்த ஆளும்

அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்த நட்சத்திரம் ஜான் சீனா ஓய்வு பெற்றதிலிருந்து எங்கள் பக்கத்துப் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். கடைசி மேட்சில் அவரைத் தோற்க விட்டிருக்கக் கூடாது என்பது ஒரு கட்சி. அது போகட்டும், பதினேழாவது உலகப் பட்டம் வாங்கிவிட்டாரே, அது போதும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் சேரவில்லை. கடைசித் தோல்வி எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பதினேழாவது பட்டம் வந்த விதம்தான் இன்றுவரை உறுத்துகிறது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே 2025 ஏப்ரல் 19, 20 தேதிகளில் லாஸ் வேகாஸ் அல்லீஜியன்ட் ஸ்டேடியத்தில் நடந்த, டபிள்யூடபிள்யூஈயின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியா 41-ஐ மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு இரவு, பதினான்கு மேட்ச். நமக்கு அது ஞாயிறும் திங்களும் விடியற்காலை நாலரை மணி. நல்லவேளை, ஏப்ரலில் டெல்டாக்காரனுக்கு வயலில் பெரிய வேலை கிடையாது. உளுந்து எடுத்தாகிவிட்டது, மேட்டூர் திறக்க ஜூன் 12 வரவேண்டும்.

முதலில் அந்த வழக்கமான கேள்வியை முடித்துவிடலாம். இந்தச் சண்டைகளைப் பற்றி வாயைத் திறந்தாலே யாராவது ஒரு மாமா, "ஏந்தம்பி, எல்லாம் பேசி வச்சிக்கிட்டு அடிச்சிக்கிறானுவ, இதைப் போயி விடியக்காலையில எழுந்து பாக்குறியே" என்பார். ஆமாம் மாமா, பேசி வைத்துத்தான். யார் ஜெயிப்பது என்பது திரைக்குப் பின்னாலேயே முடிவாகிவிடும். இது போட்டி இல்லை, பொழுதுபோக்குதான் என்று டபிள்யூடபிள்யூஈ நிறுவனமே 1989-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. அதில் இப்போது ரகசியம் ஒன்றும் இல்லை.

சரி, மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தி அன்று பாகவத மேளா நாடகம் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் நம் சனங்களுக்கு இரணியன் சாகப்போவது தெரியாதா? பிரகலாதன் பிழைப்பான், தூண் பிளக்கும், சிங்கமுகம் வெளியே வரும். கைக்குழந்தையோடு வந்த பாட்டிக்கும் தெரியும். சாலியமங்கலத்திலும் இதே கதைதான். முடிவு தெரிந்ததுதானே என்று யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்த முடிவு வருமுன் இரணியன் எவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்று வாதாடுகிறான் என்பதற்காகத்தான் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கமுகம் கட்டியவருக்கு ஆவேசம் வந்து நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொள்ளும்போது, இத்தனை நேரம் விழித்திருந்தது வீண்போகவில்லை என்று தோன்றும். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தமே இல்லாத ஒரு சினிமா நடிகர் மேடையேறி இரணியனின் காலை வாரிவிட்டால் எப்படி இருக்கும்? வேகாஸில் இரண்டாம் இரவு கடைசி மேட்சில் நடந்தது அதுதான்.

கோடி ரோட்ஸ் சாம்பியன், ஜான் சீனா எதிராளி. பழைய சாம்பியன் ரிக் ஃபிளேரின் பதினாறு உலகப் பட்டங்களைச் சீனா 2017 ஜனவரியிலேயே சமன் செய்துவிட்டார். எட்டு வருடமாகப் பதினேழு வரவில்லை. இது அவருக்குக் கடைசி வருடம் என்று முன்கூட்டியே அறிவித்தாகிவிட்டது. மார்ச் 1-ஆம் தேதி டொராண்டோவில் எலிமினேஷன் சேம்பர் மேட்ச் முடிந்ததும், கோடியிடம் "உன் ஆன்மாவைக் கொடு" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட பழைய மல்யுத்த நட்சத்திரம் ராக் ஒரு சைகை காட்ட, கோடியைக் கட்டிப்பிடித்திருந்த சீனா அப்படியே இடுப்புக்குக் கீழே உதைத்தார். இருபது வருடத்துக்கு மேல் குழந்தைகளின் ஹீரோவாக இருந்தவர் வில்லன் ஆகிவிட்டார். இதைவிட நல்ல விதை ஒரு கதைக்குக் கிடைக்குமா?

விதை நன்றாக இருந்தது, விளைந்ததுதான் பதர். கதையைத் தொடங்கிவைத்த ராக் வேகாஸ் பக்கமே வரவில்லை. அவருக்குப் பதிலாக, டொராண்டோவில் அவர்கூட நின்று கோடியை அடித்த ராப் பாடகர் ட்ராவிஸ் ஸ்காட் வந்தார். முதலாளி இல்லாமல் கணக்குப்பிள்ளை மட்டும் வந்து பஞ்சாயத்தில் உட்கார்ந்தால் யாரிடம் நியாயம் கேட்பது? கோடி அவரையும் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் சாம்பியன் பெல்ட்டோடு சீனாவை அடிக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றார். சீனா பழையபடி கீழே ஒரு அடி, பெல்ட்டால் தலையில் ஒரு அடி, கோடியை அமுக்கினார், ரெஃப்ரி எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழு. ஃபிளேரின் சாதனை முறிந்தது.

அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்தது. நேர்மையாக இருந்ததால் கோடி தோற்றார், நேர்மையை விட்டதால் சீனா ஜெயித்தார். அது நல்ல எழுத்து. ஆனால் அதற்கு ஸ்காட் எதற்கு? அவர் மெதுவாக நடந்து வந்து சேர்ந்த நேரத்தை வெட்டிவிட்டு, சீனாவும் கோடியும் மட்டும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தால் இதே முடிவு பத்து மடங்கு வலித்திருக்கும். அதற்கு முன் நடந்ததும் நிறைய நேரம் நகரவே இல்லை. சீனாவுக்கு அன்று 48 வயது முடிய மூன்று நாள்தான் பாக்கி. உடம்பு மெதுவாக இருப்பதில் தப்பில்லை. மெதுவாக இருக்கும் உடம்பை வில்லத்தனத்துக்குப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். பிடித்து இழுத்து, ஏமாற்றி, ரெஃப்ரி கண்ணில் மண்ணைத் தூவி எவ்வளவோ செய்திருக்கலாம். வில்லன் என்று சொல்லிவிட்டுப் பழைய ஹீரோவின் அதே அடிகளை அதே வரிசையில் அடித்துக்கொண்டிருந்தார்.

வெளி ஆள் வந்தாலே எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய வருடம், 2024 ஏப்ரல் 7, ஃபிலடெல்பியா. அதே கோடி, ரோமன் ரெய்ன்ஸிடமிருந்து பட்டத்தைப் பறித்த மேட்ச். அன்று ரிங்குக்குள் வராத ஆளே இல்லை. ஊசோ சகோதரர்கள், சோலோ சிகோவா, ரெய்ன்ஸோடு சேர்ந்திருந்த ஷீல்டு குழுக் காலத்து உடுப்பில் சேத் ராலின்ஸ், இதே ஜான் சீனா, ராக். கடைசியில் மணி அடித்தது, விளக்கு அணைந்தது, எரிந்தபோது அண்டர்டேக்கர் நின்றார். அவருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு, அவர் படம் போட்ட ஒரு கார்டுக்கு மூன்று கார்டு கொடுத்து மாற்றிய தலைமுறை நாங்கள். கத்தாமல் இருக்க முடியுமா? அங்கே வந்த ஒவ்வொருவருக்கும் ரெய்ன்ஸிடமோ கோடியிடமோ ராக்கிடமோ தீர்க்க வேண்டிய பழைய பாக்கி இருந்தது. ட்ராவிஸ் ஸ்காட்டுக்கு என்ன பாக்கி?

இதே ரெசில்மேனியா 41-இல் முதல் இரவின் கடைசி மேட்சே இதற்கு நல்ல பதில். சிஎம் பங்க், ரோமன் ரெய்ன்ஸ், சேத் ராலின்ஸ் மூவரும் மோதியது. பங்க் பத்து வருடத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே போனதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தன்னை ஒருபோதும் ரெசில்மேனியாவின் கடைசி மேட்சில் வைக்கவில்லை என்பது. இப்போதுதான் அந்த இடம் கிடைத்திருக்கிறது. லிவிங் கலர் இசைக்குழு அவருடைய எண்ட்ரி பாட்டை நேரில் வாசிக்க அவர் நடந்து வந்தபோது முகத்தில் தெரிந்ததை நடிப்பு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். வீரர்களுக்காகப் பேசும் மேனேஜர் பால் ஹேமன் அன்று பங்க் பக்கம் நிற்க வேண்டும். 2024 நவம்பரில் வார்கேம்ஸ் குழுச் சண்டையில் ரெய்ன்ஸுக்காகப் பங்க் இறங்கியதற்குக் கைம்மாறு அது. ஆனால் ஹேமன் 2020-லிருந்து ரெய்ன்ஸின் ஆள். பங்க்குக்கோ அதற்கும் முந்தைய காலத்து நண்பர்.

ஆக, ஹேமன் இந்த இருவரில் யாரைக் கைவிடுவார் என்பதுதான் மேட்ச் முழுக்க நம் மனதில் ஓடும் கேள்வி. அவர் பங்க்கை இடுப்புக்குக் கீழே அடித்தார். அப்பாடா, ரெய்ன்ஸ் பக்கம் போய்விட்டார் என்று நினைப்பதற்குள் ரெய்ன்ஸுக்கும் அதே அடி. இருவரையும் விட்டுவிட்டு மூன்றாமவர் ராலின்ஸிடம் போய்ச் சேர்ந்தார். ராலின்ஸ் நாற்காலியால் ரெய்ன்ஸின் முதுகில் அடித்தார். 2014 ஜூனில் ஷீல்டை உடைத்த அதே நாற்காலி அடி, அதே முதுகு. இதுவும் வெளி ஆள் தலையீடுதான். ஆனால் ஹேமனை அந்த மேட்சிலிருந்து எடுத்துவிட்டால் மேட்சே இல்லை. சண்டையும் சும்மா இல்லை, மூன்று பேரும் உயிரைக் கொடுத்து அடித்தார்கள். ரெசில்மேனியா முழுவதிலும் கதை என்று பார்த்தால் இதுதான் முதல்.

அடிதடி என்று பார்த்தால் முதல் இடம் இரண்டாம் இரவைத் தொடங்கிவைத்த பெண்கள் மேட்சுக்கு. இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியான்கா பெலேர். மார்ச் தொடக்கத்தில்தான் இயோ, ரியாவிடமிருந்து பட்டத்தை வாங்கினார். அதன்பிறகு வந்த வாரங்களில் ரியாவும் பியான்காவும் முறைத்துக்கொண்டதையே பெரிதாகக் காட்டினார்கள். சாம்பியன் ஓரமாக நின்றார். அந்த அலட்சியத்துக்கு ரிங்கிலேயே பதில் சொன்னார் இயோ. மூவரில் உயரமும் எடையும் குறைந்தவர். மற்ற இருவரும் தூக்கி எறிய எறிய, விழுந்த வேகத்திலேயே எழுந்து ஓடிவந்தார். மூன்று பேர் மேட்சில் ஒருவர் வெளியே படுத்து ஓய்வெடுப்பது வழக்கமான சோம்பேறித்தனம். இங்கே அப்படி ஓய்ந்த இடம் அநேகமாக இல்லை. கயிற்றின் உச்சியிலிருந்து பின்பக்கமாகச் சுழன்று விழுந்து பியான்காவை அமுக்கி முடித்தார். யாரும் குறுக்கே வரவில்லை, யாரும் பெல்ட்டைத் தூக்கவில்லை. இதை இரவின் கடைசியில் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னால் சீனா ரசிகர்கள் அடிக்க வருவார்கள். வரட்டும்.

முதல் இரவின் தொடக்கம் ஜே ஊசோவும் குந்தரும். இதில் என் கருத்து கொஞ்சம் சிக்கலானது. ஜே வரும்போது கூட்டம் மொத்தமும் கையை மேலும் கீழும் ஆட்டும் அந்த எண்ட்ரி ஒன்றே டிக்கெட் காசுக்குத் தகும். ஆனால் மணி அடித்த பிறகு அந்த அளவுக்கு மேட்ச் இல்லை. அண்ணன் தம்பிப் பாசம், ஜேயின் சகோதரர் ஜிம்மியைக் குந்தர் அடித்து ரத்தம் கொட்ட வைத்தது எல்லாம் முந்தைய வாரங்களில் அழகாகக் கட்டினார்கள். இங்கே அவசரம் தெரிந்தது. முடிவு மட்டும் கச்சிதம். குந்தர் ஊரையெல்லாம் தூங்கவைக்கும் அந்தக் கழுத்துப்பிடியை ஜே அவருக்கே போட்டு, கையைத் தட்டிச் சரணடைய வைத்தார். நாலு வருடத்துக்கு முன்னால் ஜே உலகச் சாம்பியன் ஆவார் என்று சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிஃபனி ஸ்ட்ராட்டன், ஷார்லட் ஃபிளேர் மேட்சில் சில இடங்கள் நிஜமாகவே கோபத்தில் அடித்துக்கொண்டது போலிருந்தன, அதுவே அதற்கு அழகு. ஜேக்கப் ஃபாட்டு அந்த உடம்பை வைத்துக்கொண்டு பறப்பதைப் பார்க்கவே அமெரிக்கப் பட்டத்துக்கான மேட்சைப் போடலாம். எல் கிராண்டே அமெரிக்கானோ முகமூடிக்குள் அன்று இருந்தது சாட் கேபிள் என்று ஊருக்கே தெரியும், அதுதான் நகைச்சுவை. முந்தைய நாள் ரே மிஸ்டீரியோவுக்கு அடிபட்டதால் அவசரமாக உள்ளே வந்த ரே ஃபீனிக்ஸ் அந்த நேரத்தில் செய்ததே பெரிது. ட்ரூ மெக்கின்டயரும் டேமியன் பிரீஸ்ட்டும் நன்றாக அடித்துக்கொண்டார்கள், மறுநாள் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கழுத்துக் காயத்தால் கெவின் ஓவன்ஸ் விலக, ராண்டி ஆர்ட்டனுக்கு எதிரே ஜோ ஹெண்ட்ரி வந்து பாட்டுக்குக் கைதட்டு வாங்கிக்கொண்டு ஆர்ட்டனின் பேர்போன ஆர்கேஓ அடியோடு போனார். ஏஜே ஸ்டைல்ஸ், லோகன் பாலிடம் தோற்றதைப் பற்றி நான் எதுவும் எழுதாமல் இருப்பதே இருவருக்கும் நல்லது.

டாமினிக் மிஸ்டீரியோவுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். கூட்டம் வாயைத் திறக்கவிடாமல் கத்தி வெறுத்த பையன், நாலு பேர் மேட்சில் தன் சொந்தக் கூட்டாளி ஃபின் பேலரையே அமுக்கி இன்டர்கான்டினென்டல் பட்டத்தை எடுத்தபோது அதே கூட்டம் துள்ளியது. வில்லன் எப்படி ஜெயிக்க வேண்டும் என்று சீனாவுக்கு அந்த இரவில் பாடம் எடுத்தவர் டாமினிக்தான்.

இப்போது சீனா ஓய்வுபெற்ற அந்தக் கடைசி மேட்சுக்கு வருகிறேன். ஆகஸ்டில் சம்மர்ஸ்லாமில் கோடி பட்டத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். சீனா அதற்குள் பழைய சீனா ஆகியிருந்தார், அந்த வில்லன் கதையைப் பாதியில் கிழித்துப் போட்டார்கள். டிசம்பர் 13, வாஷிங்டன். எதிரே குந்தர். வேகாஸில் தன் பிடியில் தானே சிக்கிச் சரணடைந்த அதே குந்தர், அதே பிடியைச் சீனாவுக்குப் போட்டார். திரும்பத் திரும்ப. சீனா தப்பித்தார், மறுபடி மாட்டினார். கடைசியில் லேசாகச் சிரித்துவிட்டுக் கையைத் தட்டிவிட்டார். "விட்டுக்கொடுக்காதே" என்று சட்டையில் எழுதிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் யாரிடமும் தட்டாத கை. கூட்டம் கொந்தளித்தது. எங்கள் டீக்கடையில்கூட ஒரு பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. ரிங்கில் இரண்டே பேர் இருந்தார்கள். பாடகர் இல்லை, பெல்ட் அடி இல்லை. 48 வயதுக்காரர் தன்னைவிட வலுவான ஆளிடம் தன்னால் முடிந்தவரை நின்றார், முடியாதபோது விட்டார். வேகாஸில் ஜெயித்தவரைவிட வாஷிங்டனில் தோற்றவர் பெரிய ஆளாகத் தெரிந்தார். பிடிக்கவில்லை என்று சொல்லும் நண்பர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: குந்தரை ஜெயித்துவிட்டுப் போயிருந்தால், அடுத்த வாரம் குந்தரை யார் மதித்திருப்பார்கள்? போகிறவர் இருக்கிறவருக்கு எதையாவது விட்டுவிட்டுப் போவது அந்தத் தொழிலில் பழைய மரியாதை.

இதெல்லாம் முன்பு கேபிளில், சலூன் டிவியில், டீக்கடையில் கூட்டமாகப் பார்த்தது. 2025 ஏப்ரலில் இந்தியாவில் நெட்பிளிக்ஸுக்குப் போனதிலிருந்து ஆளுக்கொரு போன். ஒருவர் பாஸ்வேர்டை எட்டுப் பேர் கேட்கிறோம். பழைய நிகழ்ச்சியைத் தேடி எடுத்துப் பார்ப்பது சுலபம் என்பது ஒன்றுதான் இதில் லாபம். ரெசில்மேனியா 41-இல் எட்டு மணி நேரம் செலவழிக்க முடியாதவர்கள் இரண்டாம் இரவின் முதல் மேட்சையும் முதல் இரவின் கடைசி மேட்சையும் பார்த்தால் போதும். நேரம் மிச்சமிருந்தால் டாமினிக். சீனா, கோடி மேட்சைப் பார்த்தே தீருவேன் என்பவர்கள், கோடி பெல்ட்டைக் கையில் எடுக்கும் இடம்வரை ஓட்டிவிட்டு அங்கிருந்து பாருங்கள்.