ஆமாம் போட ஆள் வேண்டும்

இணையவழியில் கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிறப்புரை தொடங்கியதும் மொத்தக் கூட்டத்தையும் மியூட்டில் போடும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஐந்தாறு பேருக்காவது மைக் திறந்திருக்கட்டும்.

சண்டைக்கு வருவீர்கள், தெரியும். மியூட் போடாவிட்டால் குக்கர் விசிலடிக்கும், பேரன் அழுவான், யாரோ ஒருவர் கடன் கொடுத்தவரைப் போனில் சமாளிப்பது நூறு பேருக்குக் கேட்கும். 2020 ஊரடங்கில் புத்தக வெளியீடு, பட்டிமன்றம், ஆன்மிகச் சொற்பொழிவு, கல்லூரிக் கருத்தரங்கு என்று எல்லாமே அவசர அவசரமாக ஜூமுக்குக் குடிபோனபோது இதையெல்லாம் பார்த்துவிட்டோம். அப்போது எல்லார் வாயையும் அடைத்தது சரிதான். அந்த அவசர ஏற்பாடு இன்று சடங்காகிவிட்டது என்பதுதான் என் புகார்.

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். கதை சொல்பவர் ஒரு வரியை முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் "ஆமாம்" போடுவார். கதையைத் தள்ளிக்கொண்டு போவதே அந்த ஆமாம்தான். பட்டிமன்றத்தில் அந்த வேலையைக் கூட்டமே செய்துவிடும். சாலமன் பாப்பையா ஒரு வரியைப் போட்டுவிட்டு நிறுத்துவதைக் கவனியுங்கள். சிரிப்பு கிளம்பி, அடங்கத் தொடங்கும் நேரத்தில்தான் அடுத்த வரி வரும். அரசியல் மேடையில் மூன்றாவது அடுக்குமொழிக்கும் கைதட்டல் விழவில்லையென்றால், அனுபவமுள்ள பேச்சாளர் அங்கேயே ரூட்டை மாற்றிவிடுவார். எதிரே இருப்பவர்களின் முகத்தையும் சத்தத்தையும் வைத்துத்தான் நம் ஊர்ப் பேச்சாளர்கள் பேச்சை அந்தந்த நிமிடத்தில் கட்டுகிறார்கள்.

அப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் கறுப்புக் கட்டங்களுக்கு முன்னால் உட்கார வைக்கிறோம். கட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு விழுந்த மைக். மேடையில் ஒன்றரை மணி நேரம் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேராசிரியர் ஒருவர், ஜூமில் கொஞ்ச நேரத்திலேயே குறிப்பைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன். நடுநடுவே "கேக்குதுங்களா?" என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தார். நெட் பிரச்சினை என்று நினைத்து ஹோஸ்ட் ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல் காட்டினார். நெட் நன்றாகத்தான் இருந்தது. மனிதர் தேடியது ஆமாமை.

மியூட்டை எடுத்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. இந்தச் செயலிகள் பேசும் குரலைத் தெளிவாகக் கடத்துவதற்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறிச் சத்தம், கைதட்டல், மிருதங்கம் எல்லாம் அவற்றின் கணக்கில் ஒரே இரைச்சல்தான், வடிகட்டப் பார்க்கும். இணையத்தில் பாட்டு வகுப்பு எடுப்பவர்கள் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற வசதியைத் தேடிப்பிடித்துப் போடுவது இதனால்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் அமுங்கிவிடும். தாமதம் வேறு. இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 200 மில்லி விநாடிதான் இடைவெளி என்று, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. கண் சிமிட்டும் நேரம். குரல் போய்ச் சேர ஆகும் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். நம் மொபைல் டேட்டாவில், மாலை நேரத்தில், அது எங்கே நிற்கும்? எனவே சிரிப்பு வந்தாலும் அடுத்த வரி பாதி ஓடிய பிறகுதான் வந்து சேரும். ஐம்பது மைக்கைத் திறந்தால் ரணகளம். ஐந்தாறு என்று நான் சொல்வது அதற்காகத்தான். அந்த ஐந்தாறு பேரும் இயர்போன் மாட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிரொலி கொன்றுவிடும். பேச்சாளரும் சிரிப்பு வரிக்குப் பிறகு ஒரு மூச்சு கூடுதலாகக் காத்திருக்கப் பழக வேண்டும்.

"ரேடியோவில் யார் சார் கைதட்டினார்கள்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. தென்கச்சி கோ. சுவாமிநாதன் வானொலியில் பேசியதை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவரும் கிடையாது. குரலை உயர்த்த மாட்டார், சிரிக்க மாட்டார், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே ஒருவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஜூமில் பேசப் போகிறவர்கள் அந்தக் குரலைத்தான் பாடமாகக் கொள்ள வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து திடலில் பேசுவதுபோல் முழங்கினால், இயர்போன் மாட்டியவன் காதில் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும். ஆனால் தென்கச்சி பேசியது சில நிமிடங்கள். நாம் பேச்சாளரிடம் கேட்பதோ ஒரு மணி நேரம், அதுவும் நேரலையில். ஒரு மணி நேரம் சுவரோடு பேசுவது யாருக்கும் முடியாத காரியம்.

மேடையிலேயே வளர்ந்த தி.மு.க. 2020 செப்டம்பர் 9 அன்று பொதுக்குழுவைக் காணொலியில் நடத்தித் துரைமுருகனைப் பொதுச்செயலாளராகத் தேர்ந்தெடுத்தது. அன்றைக்கும் உறுப்பினர்கள் ஆளுக்கொரு வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. பல ஊர்களில் அரங்குகளில் கூடித் திரையைப் பார்த்தார்கள். திரைக்கு இந்தப் பக்கமாவது ஒரு கூட்டம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வசதி இருந்தால் நாமும் பேச்சாளரின் அறையிலேயே இரண்டு பேரை உட்கார வைக்கலாம்.

இன்னொன்று, சின்ன விஷயம். திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது ஆளைச் சோர்வாக்கும் என்று ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021இல் எழுதினார். சொந்த முகத்தை மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி ஜூமில் இருக்கிறது. பேச்சாளருக்கு அதைக் காட்டிக்கொடுங்கள்.

இதெல்லாம் எதற்கு, பேசாமல் அரங்கத்துக்கே திரும்பிவிடலாமே என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்திய நேரம் மாலை 6.30க்குக் கூட்டம் என்றால் யாழ்ப்பாணத்திலும் அதே 6.30, சிங்கப்பூரில் இரவு 9 மணி, டொரன்டோவில் காலைக் காப்பி நேரம். எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்க இதைவிட்டால் வேறு வழியில்லை. இரவு ஒன்பது மணிக்கு முடியும் கூட்டத்திலிருந்து தனியாக வீடு திரும்ப யோசித்து வராமலேயே இருந்த பெண்கள் இப்போது வருகிறார்கள், சாட்டில் கூர்மையான கேள்விகளை எழுதுகிறார்கள். இலவசக் கணக்கின் 40 நிமிட வரம்புகூட ஒரு வகையில் நல்லதுதான். நம் வரவேற்புரைக்கும் அறிமுகவுரைக்கும் வேறு எப்படித்தான் கடிவாளம் போடுவது?

சரி, அந்த ஐந்தாறு பேர் யார்? முதல் நாளே சொல்லிப் பிடித்து வையுங்கள். வாய்விட்டுச் சிரிப்பவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். பேசப்படும் விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் சரியான இடத்தில் "ம்" விழும். எல்லாரும் கேமராவைத் திறந்து வைக்கட்டும். ஹோஸ்டைச் சேர்க்காதீர்கள், அவருக்கு ஆட்களை உள்ளே விடும் வேலையே சரியாக இருக்கும். அப்புறம், கவிஞர்கள் யாரையும் போட்டுவிடாதீர்கள். மைக் திறந்திருப்பது தெரிந்தால் நன்றியுரைக்கு முன்னால் "ஒரே ஒரு கவிதை" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.