சர்வர் மாறினால் சான்றிதழ் செல்லாமல் போகாது

தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியதும் பிரவுசரில் சான்றிதழ்ப் பிழை வருகிறது என்ற கேள்விக்கு, "எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் கோப்பு) பழைய சர்வரின் ஐபி முகவரியோடு கட்டப்பட்டது, மாற்றினால் புதிதாக வாங்கத்தான் வேண்டும்" என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாது.

வழக்கமான சான்றிதழ் டொமைன் பெயருக்குத்தான் தரப்படுகிறது. சான்றிதழையும் அதனுடன் சேர்ந்த ரகசியக் கோப்பான பிரைவேட் கீயையும் புது சர்வருக்குப் பத்திரமாக நகலெடுத்தால், காலாவதியாகும் வரை அப்படியே வேலை செய்யும். கீ தொலைந்துவிட்டதா? சான்றிதழ் தந்த நிறுவனத்திடம் அதையே மறுவெளியீடு செய்யக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குக் காசு வாங்குவதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் எப்படியும் இலவசம்தான். ஆனால் அது அதே டொமைன் பெயர்களுக்கு 7 நாளில் 5 முறைக்கு மேல் தராது, அதனால் பிழை வரும்போதெல்லாம் புதிதாக எடுக்காதீர்கள்.

சரி, அப்படியானால் பிழை ஏன் வருகிறது? கணினி குரோமில் தளம் திறந்து, சில போன்களில் மட்டும் எச்சரிக்கை வந்தால், முதலில் இடைநிலைச் சான்றிதழை (உங்கள் சான்றிதழைப் பிரவுசர் நம்பும் நிறுவனத்தோடு இணைப்பது) சந்தேகப்படுங்கள். என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பில், இரண்டும் சேர்ந்த ஃபுல்செயின் கோப்புக்குப் பதில் தனிச் சான்றிதழ் கோப்பைக் கொடுத்திருப்பார்கள். விடுபட்ட சான்றிதழைக் கணினி குரோம் தானே தேடி எடுத்துக்கொள்வதால், தளத்தை நடத்துபவர் கண்ணில் இது படுவதே இல்லை.

பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், டொமைன் பெயர் எந்த சர்வருக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளைப் பாருங்கள். வழக்கமான ஐபி முகவரிக்கான ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு, புதுவகை முகவரியான ஐபிவி6க்கான ஏஏஏஏ ரெக்கார்டைப் பழைய சர்வரிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

அப்புறம், "எச்சரிக்கையைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். கடவுச்சொல் தட்டச்சு செய்கிற வாடிக்கையாளருக்கு அது ஆபத்து. எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற என்று பிரவுசருக்குச் சொல்லும் அமைப்பு) போட்ட தளமாக இருந்தால் தாண்டுவதற்கான வழியையே பிரவுசர் காட்டாது.