அந்த ஐயாவின் கையிலிருந்து மைக்கைப் பறித்தது பிழை

எங்கள் திருகோணமலையில் முதியோர் தின நிகழ்வில் நடந்ததைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் மேடையில் பேசிக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடமிருந்து அறிவிப்பாளர் மைக்கைப் பறித்த அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பாருங்கோ, நல்லாச் சிரிக்கலாம்" என்று எனக்கும் அனுப்புகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஐயா என்ன பிழை செய்தார்? "உங்கட பழைய நினைவுகளைச் சொல்லுங்கோ" என்று மேடைக்குக் கூப்பிட்டதே ஏற்பாட்டாளர்களான நீங்கள்தான். அவர் சொன்னார். 1950இல் கிணறு வெட்டும்போது கோணேசர் கோவில் விக்கிரகங்கள் வெளிப்பட்டதைக் கேள்விப்பட்டு, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தாராம். அதிலிருந்து தன் கிண்ணியாச் சிநேகிதனுக்கு வந்தார். அந்த நாளில் பாலம் ஏது? அது 2009இல்தானே திறந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில்தான் கடலைக் கடக்க வேண்டும். "ரெண்டு பேரும் பாதையில ஏறினம், அவன்ர கையில ஒரு..."

அவ்வளவுதான். அறிவிப்பாளர் வந்து, "சரி ஐயா, காணும், நேரம் போகுது" என்று மைக்கை எடுத்துக்கொண்டார். ஐயா வெறுங்கையைக் கொஞ்ச நேரம் வாய்க்கு முன்னால் அப்படியே பிடித்தபடி நின்றார். வீடியோவில் அந்த இடத்துக்குத்தான் சிரிப்புச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள்.

நேரம் இல்லை என்கிறீர்கள். பிரதம விருந்தினர் பிந்தி வந்தபோது நேரம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்க நேரம் இருந்தது. யாருடைய பெயரில் அந்த நாளை வைத்தீர்களோ, அவர் பேசும்போதுதான் நேரம் முடிந்துவிட்டது. அறிவிப்பாளர் நல்ல பெடியன், பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இருக்கலாம். அப்படியென்றாலும் பறித்தது பிழைதான்.

"வயசு போனவர்கள் ஒரே கதையைத்தானே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு அதிகம் நொந்தது இந்தக் கேள்விதான். ஏனென்றால் என் அம்மாவும் அப்படித்தான். காலையில் குளிசை போட்டாவா என்று அவவுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் இளம் வயதில் கன்னியாஸ்திரிமாரின் தையல் வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தா என்று சொல்லுவா. அந்தப் பிள்ளைதான் எங்களுடைய பாலையூற்று மாமி. அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போகிறவ. மாமி பாலையூற்று லூர்து மாதாவின் ஆள். இரண்டு பேரும் கடைசிவரைக்கும் ஒருவரை ஒருவர் "எடியே" என்றுதான் கூப்பிட்டார்கள்.

1990இல் யுத்தத்தால் நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது அம்மாவின் தையல் மெஷினை மாமிதான் தன் வீட்டுக்குக் கொண்டுபோனா. திரும்பி வந்தபோது எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, தைக்கிற பதத்தில் தந்தா. இந்தக் கதையை எங்கள் வீட்டில் எல்லோரும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அம்மா தொடங்கினாலே பிள்ளைகள் அடுத்த வரியைச் சொல்வார்கள்.

போன வருடம் சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வந்தது. அம்மாவுக்குக் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமி மலைக்கு ஏற முழங்கால் விடுவதில்லை. "எனக்கு ஏலாது எண்டு தெரிஞ்சுதான் அவர் இறங்கி வாறார்" என்பா. அதை அவ முழுதாக நம்புகிறா. படலைக்கு முன்னால் மேசை போட்டு, வாழையிலையில் நெல் பரப்பி, குடத்தை வைத்து மாவிலை செருகிக்கொண்டிருந்தோம். அதே மெஷின் கதையைத் தொடங்கினா. நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் திடீரென்று, "நாங்கள் இல்லாத நேரம் ஒருக்கா சுவாமி வந்தபோது, எங்கட பூட்டின படலைக்கு முன்னால அவள் இப்பிடி நிறைகுடம் வைச்சிட்டு நிண்டவளாம். தேங்காய்க்கு மஞ்சள் பூச வேணுமோ எண்டு அக்கம்பக்கத்தில கேட்டவளாம்" என்றா.

ஒரு வேதக்கார மனுசி, ஆள் இல்லாத வீட்டுக்காக, வீதியில் நின்று எங்கள் சாமியை வரவேற்றிருக்கிறா. இத்தனை வருடத்தில் அம்மா அதைச் சொன்னதே இல்லை. நூறு தரம் கேட்ட கதைக்குள் இது இருந்தது. "காணும் அம்மா, தெரியும்" என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அது வெளியே வந்திராது. அதனால்தான் சொல்கிறேன், முடிக்க விடுங்கள். ஒரே கதைதான் என்று நினைக்கிறவர்கள் ஒருநாளும் கடைசிவரை கேட்டதில்லை.

பழசைக் கிளறினால் யுத்தம்தான் வரும், மனம் குழம்பும் என்று இன்னொருவர். வரட்டும். அவர்கள் அனுபவித்ததைச் சொல்ல நாங்கள் ஏன் அனுமதி கொடுக்க வேண்டும்? 1624இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்ததும், அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டியதும் எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புத்தகம் படித்தா எல்லோருக்கும் தெரிந்தது? யாரோ ஒரு அம்மம்மா மடியில் இருத்திச் சொன்னா. யாரும் அவவிடம் நேரம் போகுது என்று சொல்லவில்லை.

மருத்துவ ஆதாரம் கேட்கிறவர்களுக்கு: ரொபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இலேயே இதை எழுதிவிட்டார். முதுமையில் பழையதைத் திரும்பத் திரும்ப நினைப்பதைப் புத்தி தளர்ந்ததன் அடையாளம் என்று தள்ளக்கூடாது, வாழ்ந்த வாழ்க்கையைத் தனக்குள் சரிபார்த்துக்கொள்கிற இயல்பான வேலை அது என்றார். எங்கள் கோணேசருக்குத் திரும்பக் கும்பாபிஷேகம் நடந்ததும் அதே வருடம்தான்.

பாலையூற்று மாமி இப்போது இல்லை. அவ செத்தவீட்டில் அம்மா அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவவோடு கதைத்துக்கொண்டே இருந்தா. இப்போது அம்மாவை "எடியே" என்று கூப்பிட உலகத்தில் ஒருவரும் இல்லை. அந்தத் தையல் வகுப்பை, அந்தச் சட்டையை, அம்மாவோடு சேர்ந்து நினைக்கவும் ஆள் இல்லை. கேட்பதற்கு நாங்கள் மட்டும்தான் மிச்சம். நாங்களும் ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் கேட்கிறோம். அவவுக்கு அது தெரியும். கதையைச் சுருக்கிச் சுருக்கிச் சொல்லப் பழகிவிட்டா. இதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வட்ஸ்அப்பில் அம்மா அனுப்பும் குரல் பதிவுகள் நீளம் என்று எங்கள் குடும்பக் குழுவிலேயே சொல்கிறார்கள். வெளிநாட்டில் வேலை, பனி, இரண்டு ஷிஃப்ட், எல்லாம் விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பதிவுகளில் பாதிக்கு மேல் இன்னும் கேட்கப்படவே இல்லை. அவ காதுபடவே இதைச் சொன்னார்கள்.

அண்ணா, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். ஊர் பார்க்க எழுதிவிட்டேன் என்று கோபப்படுவாய், படு. ஞாயிற்றுக்கிழமை நீ எடுப்பாய் என்று அவ மத்தியானச் சாப்பாட்டையும் நேரத்தோடு முடித்துவிட்டு இருக்கிறா. எடு. "பிறகு எடுக்கிறன் அம்மா" என்று சொல்லாதே. அவ மெஷின் கதையில்தான் தொடங்குவா. தொடங்கட்டும். அவ முடித்துவிட்டு "சரி ராசா, வை" என்று சொன்ன பிறகு வை.