துள்ளும் சோறு பிளாஸ்டிக் அல்ல

சோற்றை உருட்டித் தரையில் எறிந்தால் பந்துபோல் துள்ளுகிறது, தீயில் காட்டினால் எரிகிறது, ஆகவே இது பிளாஸ்டிக் அரிசி என்ற காணொளி 2017-இல் பரவியது. இன்றும் வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. தவறு.

அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. கொதிநீரில் அது நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகும். சோற்றை அழுத்தி உருட்டினால் பருக்கைகள் ஒட்டி, நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். துள்ளுவது அதனால்தான். பிளாஸ்டிக்கோ நீரை உறிஞ்சாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் சோறாகாது.

எரிவதும் சான்றல்ல. மாவுச்சத்தில் கார்பன் இருக்கிறது, எரியத்தான் செய்யும். எப்படி எரிகிறது என்று பாருங்கள். அரிசி உருகாது, கருகும், அடிப்பிடித்த வாசம் வரும், கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். இது வேதி மாற்றம். பாலித்தீன் சுமார் 105 முதல் 130 டிகிரி செல்சியஸில் உருகும் (இது இயற்பியல் மாற்றம்), தீப்பிடித்தால் சொட்டும், மெழுகு வாடை அடிக்கும்.

சந்தேகமா? ஆறிய சோற்றில் அயோடின் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து கருநீலமாகும். சூடான சோற்றில் செய்யாதீர்கள், நிறம் தெரியாது. சோதித்த சோற்றைக் கொட்டிவிடுங்கள்.

ரேஷன் அரிசியில் நிறம் மாறித் தெரியும், சில சமயம் மிதக்கும் மணிகளும் பிளாஸ்டிக் அல்ல, செறிவூட்டப்பட்டவை: அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அச்சில் பிழிந்தவை. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கப்பட்டவை. பொறுக்கி எறிய வேண்டாம்.