ரூனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை

புகழ்பெற்ற முன்னாள் வீரரைப் பயிற்சியாளராக்கினால் தத்தளிக்கும் கால்பந்து கிளப் கரையேறிவிடும் என்று ஒரு கட்டுரை முன்வைத்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 2023 அக்டோபரில் பர்மிங்ஹாம் சிட்டி தத்தளிக்கவே இல்லை. இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் ஆறாம் இடத்தில் இருந்தது. அணியை ஒழுங்காக நடத்திக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஜான் யூஸ்டஸை அனுப்பிவிட்டு, பெயருக்காக இங்கிலாந்தின் முன்னாள் நட்சத்திர வீரர் வெய்ன் ரூனியை அழைத்து வந்தார்கள். 15 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அவர் வெளியேறியபோது அணி 20ஆம் இடத்தில் கிடந்தது. பருவ முடிவில் மூன்றாம் டிவிஷனுக்கே இறங்கியது. எனக்குக் கோபமெல்லாம் உரிமையாளர்கள் மீதுதான்.

ஏனென்றால் இதே ரூனி அதற்கு முன் டெர்பி கிளப்பின் பயிற்சியாளராக அருமையாக உழைத்தவர். 2021-22இல் கிளப் கடனில் மூழ்கி, 21 புள்ளிகள் பறிக்கப்பட்ட நிலையிலும் இளைஞர்களை வைத்துக்கொண்டு களத்தில் 55 புள்ளிகள் ஈட்டினார். அந்தத் தண்டனை இல்லையென்றால் அணி கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியிருக்கும். அங்கே அவர் முதலில் வீரராக ஆடியவர். அணியில் ஒவ்வொருவரையும் அறிந்திருந்தார்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று: நியூகாசில் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் முன்னாள் வீரர் ஆலன் ஷியரரிடம் 2009இல் பருவத்தின் கடைசி எட்டு ஆட்டங்களை ஒப்படைத்தார்கள். பயிற்சியாளராக முன் அனுபவம் துளியும் இல்லாதவர் ஒரே ஆட்டத்தில்தான் வென்றார், அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. சண்டர்லாந்து கிளப்பைத் தூக்கி நிறுத்திய இன்னொரு முன்னாள் வீரரான ராய் கீனுக்கோ, 2006இல் ஏறக்குறைய ஒரு பருவம் முழுவதும் கையில் இருந்தது. வந்தவுடன் புதிய வீரர்களை வாங்கவும் விட்டார்கள்.